தோற்றவர் தலைமை, ஜெயித்தவர் கூடமாட

“சாமி, எங்க வீட்டுல சத்தமே இல்ல.”

“கொடுத்து வச்சவரு நீங்க,” என்றார் சாமி.

“கேலி பண்ணாதீங்க. நான் வயித்தெரிச்சல்ல வந்து நிக்கேன்.”

வந்து நின்றவர் வக்கீல் திருமலைக்கொழுந்து. கருங்காலூர் கோர்ட்டில் ஆயுசு முழுக்க வாதாடிவிட்டுப் போன வருஷம்தான் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவர் வாயைத் திறந்தால் எதிராளி மூட வேண்டியதுதான். ஊரே அவரை வக்கீல் அண்ணாச்சி என்று கூப்பிடும்.

சாமி என்றால் மாடக்கண்ணு சாமி. வாய்க்காலோரம் ஒரு ஓட்டு மடம், நாலு பாத்தி கத்திரி, ஒரு கிணறு, மாற்றிக் கட்ட ரெண்டே காவி வேட்டி. வயசில் வக்கீலைவிட ரொம்பச் சின்னவர். வக்கீல் முதல் கேசை ஜெயித்த அன்று சாமி அரைக்கால் சட்டையோடு பம்பரம் விட்டுக்கொண்டிருந்திருப்பார். அதையெல்லாம் பார்த்தால் ஆகுமா? மனசு கனத்துப் போனவனுக்கு வயசு பார்க்க நேரம் ஏது.

“என்ன விஷயம்னு சொல்லுங்க.”

“செண்பகம் இருக்காள்லா, என் வீட்டுக்காரி. எதைக் கேட்டாலும் ‘சரி’ங்கா. காசிக்குப் போவோமான்னு கேட்டேன். ‘சரி’ன்னா. வேண்டாம், வெயிலு கொல்லும், இங்கனயே இருந்துருவோமான்னு கேட்டேன். அதுக்கும் ‘சரி’. சோறு, தண்ணி, மாத்திரை எல்லாம் நேரத்துக்கு வருது. பேச்சுத்தான் வரல. சுவத்தோட குடித்தனம் பண்ணுற மாதிரி இருக்கு சாமி.”

“ஏதும் சண்டையா?”

“சண்டை போட்டாத்தான் தேவலையே! கடைசியா எப்ப போட்டோம்னே ஞாபகம் இல்ல.”

“அந்தக் கடைசிச் சண்டையில யாரு ஜெயிச்சது?”

“நான்தான்.”

“அதுக்கு முந்தினதுல?”

“அதுலயும் நான்தான். சாமி, நான் வக்கீல்லா!”

சாமி கத்திரி இலையைப் புரட்டிப் புழு பார்த்தார்.

“எனக்குத் தீட்சை குடுங்க. ஒரு மந்திரம் சொல்லிக் குடுங்க. அந்த வீட்டுக்குள்ள தனியாக் கிடந்து செத்துருவேன் போல இருக்கு.”

“கஞ்சிச் சங்கத்துல ஒரு எடம் காலியாம்.”

“என்னது?”

“நிர்வாகக் குழுவுல. ஞானையா சார் நேத்து வந்து சொல்லிட்டுப் போனாவ. போய்ச் சேருங்க.”

“நான் கேட்டது மந்திரம்.”

“நான் சொன்னது எடம்,” என்றார் சாமி. “மாசம் ஒரு கூட்டம் உண்டு. டீயும் உண்டு.”

*

கருங்காலூர் அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தகரக் கொட்டகை உண்டு. உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்கு ஆஸ்பத்திரியே சோறு போடும். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கும் பெண்டாட்டிக்கும் தகப்பனுக்கும் யார் போடுவது? அவர்களுக்குச் சாயங்காலம் கஞ்சியும் கொள்ளுத் துவையலும் கொடுக்கத்தான் கஞ்சிச் சங்கம். அதை நடத்த ஏழு பேர் கொண்ட குழு.

தலைவர் ஞானையா, பள்ளிக்கூடத்தில் ட்ரில் வாத்தியாராக இருந்தவர். விசிலைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தாரே தவிர, பேச்சில் அந்தச் சத்தம் இன்னும் போகவில்லை.

“கஞ்சி பாதி வரிசையிலயே தீந்துபோகுது,” என்றார் ஞானையா. “பஸ் ஸ்டாண்டுல சுத்துறவன் முன்னால நின்னு வாங்கிட்டுப் போயிருதான். வார்டுல இருந்து இறங்கி வாரவளுக்கு வெறும் அண்டாதான். என்ன செய்ய?”

வக்கீல் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு பேசி அவருக்குப் பழக்கமில்லை.

“டோக்கன் போடுங்க. ஆஸ்பத்திரியில சேக்கும்போது ஒரு சீட்டுக் குடுக்காங்கள்லா? அதைக் காட்டினா டோக்கன். டோக்கனைக் காட்டினா கஞ்சி. முடிஞ்சுது சோலி.”

“பசிச்சு வாரவங்ககிட்ட சீட்டுக் கேக்கவா?” என்றார் பாத்திமுத்து.

பாத்திமுத்து பஜாரில் வளையல் கடை வைத்திருப்பவர். குழுவில் பல வருஷமாக இருக்கிறார். கணீரென்ற குரல்.

“அப்ப கடைசியா நிக்கிறவ பட்டினியாப் போகட்டும்ங்கிறீங்க?”

“நான் அப்படிச் சொல்லல அண்ணாச்சி.”

“சொல்லல. ஆனா நடக்கிறது அதுதானே? ஆமாவா, இல்லையா?”

“அது வந்து...”

“வந்து போயில்லாம் வேண்டாம். ஆமாவா, இல்லையா?”

பாத்திமுத்து முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். கை தூக்கச் சொன்னார்கள். பாத்திமுத்துவையும் இன்னொருவரையும் தவிர எல்லாக் கையும் மேலே போயிற்று. வக்கீல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன இருந்தாலும் ஜெயித்தால் ஒரு குளிர்ச்சிதான்.

“தீர்மானம் நிறைவேறிட்டு,” என்றார் ஞானையா. “நாளையில இருந்து பாத்திமுத்து தலைமையில டோக்கன் நடக்கும். வக்கீல் அண்ணாச்சி கூடமாட நிப்பாவ.”

“சார், மாத்திச் சொல்லிட்டீங்க. கொண்டுவந்தது நான். அவங்க எதிர்த்தவங்க.”

“தெரியும். எங்க சங்கத்துல அதான் வழக்கம். தோத்தவங்க தலைமை, ஜெயிச்சவங்க கூடமாட.”

“இது எந்த ஊரு நியாயம்?”

“இந்த ஊரு நியாயம்,” என்றார் ஞானையா. “டீ ஆறுது, குடிங்க.”

*

வக்கீல் கூட்டத்திலிருந்து நேராக மடத்துக்குத்தான் போனார்.

“எங்க கொண்டுபோய்ச் சேத்துவிட்டீங்க என்னைய? ஜெயிச்சவன் எடுபிடியாம், தோத்தவங்க தலைமையாம்! உருப்படுமா அந்தச் சங்கம்? அந்தம்மா வேணும்னே கெடுத்துவிட்டுரும், பாத்துக்கிடுங்க.”

சாமி கிணற்றடியில் வேட்டியை அலசிக்கொண்டிருந்தார்.

“இந்த முனையைப் பிடிங்க அண்ணாச்சி. பிழிஞ்சிருவோம்.”

வக்கீல் பிடித்துத் திருகினார். வேட்டி உருண்டதே தவிர, பிழிபடவில்லை. இன்னும் பலமாகத் திருகினார். அப்போதும் உருளத்தான் செய்தது. உற்றுப் பார்த்தால், சாமியும் அவர் திருகுகிற பக்கமே திருகிக்கொண்டிருக்கிறார்.

“சாமி, நீங்க அந்தப் பக்கமாத் திருகணும்.”

“சரி,” என்றார் சாமி. மறுபடியும் இந்தப் பக்கமே திருகினார்.

“சரின்னு சொல்லிட்டு அதையே செய்யுதீங்களே! நான் போற பக்கமே நீங்களும் வந்தா எப்படித் தண்ணி இறங்கும்?”

“சரி.”

“என்ன சாமி சரி, சரின்னுக்கிட்டு! எதிர்க்கத்தான் செய்யுங்களேன்!”

கத்திவிட்டு வக்கீல் அப்படியே நின்றார். கையில் வேட்டி முனை இருந்தது.

சாமி வேட்டியை வாங்கி ஈரத்தோடு கொடியில் போட்டுவிட்டுக் கத்திரிப் பாத்திக்குப் போய்விட்டார்.

*

மறுநாள் சாயங்காலம் வக்கீல் கொட்டகைக்குப் போனார். அந்தம்மா என்ன சதி பண்ணுகிறது என்று பார்க்கத்தான் போனார், வேறொன்றுக்கும் இல்லை.

பாத்திமுத்து ஒரு சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். அத்தனையும் பிளாஸ்டிக் வளையல்.

“என்னம்மா இது?”

“டோக்கன். காகிதம்னா நனைஞ்சுரும், கிழிஞ்சுரும். இடுப்புல பிள்ளை, கையில தூக்குவாளி, அவ டோக்கனை எங்க வச்சுக்கிடுவா? வளையல்னா கையில போட்டுக்கிடலாம். ஆம்பிளையாளு விரல்ல மாட்டிக்கிடட்டும். இன்னைக்குப் பச்சை, நாளைக்குச் சிவப்பு, மறுநாளு மஞ்சள். நேத்து வாங்கினதை இன்னைக்குத் தூக்கிட்டு வர முடியாது பாருங்க.”

வக்கீல் ஒரு பச்சை வளையலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது தனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

அன்றைக்கு வரிசையின் கடைசி ஆள்வரை கஞ்சி போயிற்று. கடைசியாக நின்ற கிழவர் தூக்குவாளியை நீட்டும்போது பயந்து பயந்து நீட்டினார். நிறைய ஊற்றியதும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வக்கீல் ஜெயித்த கேஸ்களில் எந்தக் கட்சிக்காரனும் அப்படிச் சிரித்ததில்லை.

அண்டாவைக் கழுவும்போது வக்கீல் கேட்டார்.

“உங்களுக்குப் பிடிக்காத தீர்மானம்லா இது? இதுக்கு ஏன் இம்புட்டுப் பாடு?”

“சங்கம் முடிவு பண்ணிட்டுல்லா. இனி இது என் வேலை.”

“நீங்க அரைகுறையாச் செஞ்சா தீர்மானம் தானாத் தோத்திருக்குமே. நான் வாயை மூடியிருப்பேன்.”

பாத்திமுத்து தேங்காய் நாரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“நான் அரைகுறையாச் செஞ்சு அது தோத்தா, தப்பு திட்டத்துலயா என் கையிலயான்னு எப்படித் தெரியும்? மனசார நடத்திப் பாத்துட்டுத்தானே சொல்ல முடியும்? அந்தத் தண்ணியை ஊத்துங்க அண்ணாச்சி.”

வக்கீல் தண்ணீரை ஊற்றினார்.

*

“அந்தம்மா என் திட்டத்தை என்னைவிட நல்லா நடத்துதாவ சாமி.”

“ஓஹோ.”

“எனக்கு அவங்க மேல கோவமே வரமாட்டேங்குது.”

“ஏன் வரணும்?”

“ஜெயிச்ச பிறகு எதிராளி மூஞ்சியைத் திரும்பிப் பாத்துப் பழக்கம் இல்ல எனக்கு. இங்க தினம் பக்கத்துலயே நிக்க வேண்டியிருக்கு.”

சாமி ரெண்டு கத்திரிக்காயைப் பறித்து அவர் கையில் கொடுத்தார்.

“வீட்டுல எப்படி?”

“இதைக் கொண்டுபோய்க் குடுத்து, எண்ணெய்க் கத்திரிக்காய் வைக்கியா, புளிக்குழம்பு வைக்கியான்னு கேப்பேன்.”

“என்ன சொல்லுவாங்க?”

“சரிம்பா,” என்றார் வக்கீல். குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

*

ஒரு நாள், சிவப்பு வளையல் நாள், வக்கீலே சீட்டுப் பார்க்கிற பக்கம் நின்றார். வரிசை கலகலவென்று நகர்ந்தது. “சீட்டு... சீட்டு... அடுத்து... சீட்டு...”

சின்ன வயசுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். முகம் வீங்கிப் போயிருந்தது.

“சீட்டு?”

“அதைத் திருப்பி வாங்கிட்டாவ ஐயா.”

“யாரு வாங்கினா? ஏன்?”

“அவரு காலையிலயே போயிட்டாரு. பாம்புக் கடி. போலீஸ் வந்து எழுதினாத்தான் உடம்பைத் தருவோம்னு சொல்லுதாவ. அண்ணன் கேரளாவுல இருந்து வரணும். நேத்துல இருந்து தனியாத்தான் இருக்கேன். வாயில ஒண்ணும் படல.”

நோயாளி இருந்தால்தான் சீட்டு, சீட்டு இருந்தால்தான் டோக்கன் என்று வக்கீல்தான் எழுந்து நின்று சொன்னார். நோயாளி செத்துப்போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பதறிப்போய்ச் சாக்கிலிருந்து ஒரு வளையலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இந்தாம்மா, இந்தா, சீட்டு வேண்டாம். பிடி.”

அவள் கை வரவில்லை. சிவப்பு வளையலைப் பார்த்தாள். தன் கையில் கிடந்த கண்ணாடி வளையல்களைப் பார்த்தாள்.

“இனிமே எனக்கு எதுக்கு ஐயா வளையல்?”

சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. சும்மா, தெரியாத விஷயத்தை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

பாத்திமுத்துவின் கையிலிருந்த அகப்பை அண்டாவுக்குள்ளேயே விழுந்தது. அதைத் தேடாமல் ஒரு செம்பை எடுத்து நேராக மொண்டு, மேஜையைச் சுற்றி வந்து, அந்தப் பெண்ணைத் தோளோடு அணைத்துத் தரையில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். “குடிம்மா. குடி. நான் இங்கதான் இருக்கேன்.” ரெண்டு பேரும் அழுதார்கள்.

வக்கீல் கையில் வளையலோடு நின்றார்.

*

“ராஜினாமா பண்ணப் போறேன் சாமி.”

“அந்தப் பொண்ணு சாப்பிட்டுதா?”

“சாப்பிட்டா.”

“யாரு குடுத்தா?”

“பாத்திமுத்து.”

“நீங்க?”

“நான் நின்னேன். மரம் மாதிரி நின்னேன். சட்டம் படிச்சு என்ன, வாதாடி என்ன? ஒரு பச்சைப் பிள்ளை பசியோட வந்து நிக்கா, நான் சீட்டுக் கேக்கேன்.”

சாமி பாத்திக்குத் தண்ணீர் திருப்பினார்.

“அந்தம்மா என்னைய ஒரு வார்த்தை சொல்லல சாமி. ‘அன்னைக்கே சொன்னேன்லா’ன்னு கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு பேசி ஆத்திக்கிட்டிருப்பேன். வளையலைக் கொண்டுவந்தது நான்தானே அண்ணாச்சின்னு சொல்லிட்டு அழுதாவ.”

“நாளைக்கு யாரு கஞ்சி ஊத்துவா?”

“பாத்திமுத்துதான்.”

“கூடமாட?”

வக்கீல் மூக்கை உறிஞ்சினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்.

*

அடுத்த கூட்டத்தில் பாத்திமுத்து முதலில் பேசினார்.

“வளையல் என் தப்பு. அதை எடுத்துருவோம்.”

வக்கீல் எழுந்தார்.

“சீட்டு என் தப்பு. சீட்டு மட்டும் இல்ல, டோக்கனே தப்பு. இந்தத் தீர்மானத்தையே ரத்து பண்ணுங்க. பழையபடி வாரவங்களுக்கு எல்லாம் ஊத்துவோம். பசிக்குச் சாட்சி கேக்கக் கூடாது.”

அன்றைக்கு அவர் பேசியது போல் எந்தக் கோர்ட்டிலும் பேசியதில்லை. ஞானையாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பேசி முடித்ததும் பாத்திமுத்து தொண்டையைக் கனைத்தார்.

“அண்ணாச்சி சொல்லுறது மனசுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா பழையபடின்னா பழையபடிதான். கடைசியா நிக்கிறவளுக்கு வெறும் அண்டா. அன்னைக்கு இதே அண்ணாச்சி கேட்டாவ, அவ பட்டினியாப் போகட்டுமா, ஆமாவா இல்லையான்னு. எனக்கு அன்னைக்குப் பதில் இல்ல. பொறவு இத்தனை நாளும் கடைசி ஆளுக்குக் கஞ்சி ஊத்தும்போதெல்லாம் நினைச்சேன், அண்ணாச்சி கேட்டது நியாயம்தான்னு. நான் எதிர்த்தது தப்பு. அதனால அடையாளம் ஏதாவது ஒண்ணு இருக்கட்டும். சீட்டு வேண்டாம், வளையல் வேண்டாம், கேள்வி வேண்டாம். வேற என்னன்னு யோசிப்போம்.”

வக்கீல் அசந்துபோனார். தன் வாதத்தை எதிராளி ஒருத்தர் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, துடைத்து, திருப்பிக் கொடுத்தது அவருக்கு ஆயுசிலேயே இதுதான் முதல் தடவை.

கை தூக்கச் சொன்னார்கள். வக்கீல் கையைத் தவிர எல்லாக் கையும் பாத்திமுத்து பக்கம்.

“வக்கீல் அண்ணாச்சி தலைமை,” என்றார் ஞானையா. “பாத்திமுத்து கூடமாட.”

“சந்தோஷம் அண்ணாச்சி,” என்றார் பாத்திமுத்து. “என்ன செய்யணும்னு சொல்லுங்க, நிக்கேன்.”

“தங்கச்சி,” என்றார் வக்கீல். அதுவரை அந்தம்மா, இந்தம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். “வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாரேன்.”

*

செண்பகம் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“செண்பகம், நான் தோத்துட்டேன்.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“யாருகிட்ட?”

வக்கீலுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கேள்வி! ‘சரி’ இல்லை, ஒரு கேள்வி!

அப்படியே தரையில் உட்கார்ந்தார். முதலில் இருந்து சொன்னார். பாத்திமுத்துவை மடக்கியது, வளையல், கிழவரின் சிரிப்பு, அந்தப் பெண், இன்றைக்குத் தோற்றது, ஒன்று விடாமல் சொன்னார். செண்பகம் நடுவில் ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாக் கையும் அந்தப் பக்கம் போன இடம் வந்தபோது, சும்மா சொல்லக் கூடாது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இப்ப நான்தான் தலைமை. என்ன அடையாளம் வைக்கன்னு எனக்குப் புரியல. உனக்கு என்ன தோணுது?”

“எனக்கு என்ன தெரியும்.”

“எனக்கும்தான் தெரியல. அதான் கேக்கேன்.”

செண்பகம் ரொம்ப நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் வாயைத் திறக்காமல் காத்திருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

“கும்பாவையே குடுக்கலாம்லா?” என்றார் செண்பகம்.

“கஞ்சி குடிக்கிற கும்பாவா?”

“கஞ்சி எத்தனை பேருக்குக் காணுமோ அத்தனை கும்பா. வார்டுக்குள்ள போய்ப் படுக்கைப் பக்கத்துல இருக்கிறவளுக்கு முதல்ல குடுத்துருங்க. அவளால முந்தி வந்து நிக்க முடியாது. மிச்சத்தை வாசல்ல அடுக்கி வைங்க. யாரு எடுத்தாலும் எடுக்கட்டும். கையில கும்பா இருந்தாக் கஞ்சி.”

“அம்புட்டுக் கும்பாவுக்கு எங்க போக?”

“வீட்டுக்கு ஒண்ணு கேட்டாத் தர மாட்டாங்களா?”

“அது சரி. குடுத்தது திரும்பி வரணும்லா? வராது.”

“வரும்.”

“எப்படிச் சொல்லுத?”

“சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வைக்காம எழுந்திரிச்சுப் போக யாருக்கும் மனசு வராது.”

வக்கீலிடம் இதற்கு மூன்று மறுப்பு தயாராக இருந்தது. மூன்றும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் செண்பகத்தின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு ரோசம் இருந்தது. கல்யாணமான புதுசில் பார்த்தது.

“சரி,” என்றார் வக்கீல். “அப்ப முதல் கும்பா நம்ம வீட்டுது. அந்தச் சின்னதைக் குடு.”

“இல்ல,” என்றார் செண்பகம். “பசிச்சு வாரவளுக்குச் சின்னது எப்படிக் காணும்?”

எக்கி நின்று, பரணில் இருந்த பெரிய கும்பாவை எடுத்துக் கொடுத்தார். கல்யாணச் சீராக வந்தது. அடியில் செண்பகத்தின் பெயர் வெட்டியிருந்தது.

*

கத்திரி காய்த்து ஓய்ந்து, சாமி வெண்டை போட்டிருந்த சமயம். ஒரு காலை வேளையில் வக்கீல் மடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“சாமி! சண்டை சாமி, சண்டை!”

“எங்க?”

“எங்க வீட்டுல!”

முகம் பூரித்துப்போயிருந்தது. கோயில் கொடைத் திருவிழாவில்கூட அவரை அப்படிப் பார்க்க முடியாது. சாமி கையில் ஈர வேட்டியோடு நின்றிருந்தார். வக்கீல் கேட்காமலே மறு முனையைப் பிடித்துக்கொண்டார்.

“கும்பா எப்படிப் போகுது?”

“தினம் போகுது, வருது. ரெண்டு மூணு வரல. வராததை நான் சொன்னேன். வந்ததைச் செண்பகம் சொன்னா. அந்தச் சண்டை அப்படியே நிக்கி, அதை விடுங்க. இது புதுச் சண்டை! காசிக்கு டிக்கெட் எடுக்கவான்னு கேட்டேன்.”

“ம்.”

“வேண்டாம்னுட்டா!”

“ஆகா.”

“எனக்குக் காசி வேண்டாம், திருச்செந்தூர்ல கடலைப் பாத்துக்கிட்டு நாலு நாளு சும்மா உக்காந்திருக்கணும்ங்கா. ரொம்ப வருஷத்து ஆசையாம் சாமி. எனக்குத் தெரியவே தெரியாது.”



“நீங்க விட்டுட்டியளா?”

“விடுவனா? கங்கை உண்டா அங்க, புண்ணியம் உண்டா, மூணு தலைமுறைக்குத் திதி குடுக்க முடியுமான்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன். ஒவ்வொண்ணுக்கும் பதில் வச்சிருக்கா! இத்தனை நாளும் எங்கதான் வச்சிருந்தாளோ! அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு, தீஞ்சே போச்சு. ரெண்டு பேரும் பாக்கல!”

சாமி அந்தப் பக்கமாகத் திருகினார். வக்கீல் இந்தப் பக்கமாகத் திருகினார். தண்ணீர் கொட்டி ரெண்டு பேர் காலும் நனைந்தது.

“வார வழியில தங்கச்சி பாத்திமுத்து கடைக்குப் போய்க் கும்பிட்டுட்டுத்தான் வந்தேன். என்னத்துக்கு அண்ணாச்சின்னு கேட்டா. சொல்லத் தெரியல. ஞானையா சாரையும் பாக்கணும்.” அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். “உங்ககிட்ட அன்னைக்கு ஒரு மந்திரம் கேட்டேன்.”

“ஆமா. இப்ப வேணுமா?”

“இப்ப நேரம் இல்ல சாமி. ரூம் பாக்கணும், பஸ்ஸு பாக்கணும்.”

“அப்ப தீர்ப்பு?”

“தோத்துட்டேன்.”

“பயணம் உங்க தலைமை.”

“ஆமா.”

“அவங்க?”

“கூடமாட நிக்கேன்னிருக்கா சாமி.”